ஸ்டேபிள் என்று சொன்ன பிறகு

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் தமிழக்கா பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டுவிடுவார். உள்ளங்கை அகல நோட்டு இடது கையில் விரிந்துவிடும். டாக்டர்கள் நடந்துகொண்டே பேசுகிறவர்கள். அக்கா அவர்களுக்கு முன்னால் போய் நின்று, போகிற திசைக்கு முதுகைக் கொடுத்து, பின்னோக்கி நடந்தபடி கேட்கிறவர். தூண், தண்ணீர்க் குழாய், சக்கர நாற்காலிகள் முட்டி நிற்கும் மூலை, எதிலும் இதுவரை இடித்துக்கொண்டதில்லை. "பதினாறு வருஷம் துடைச்ச தரை. எந்த டைல்ஸ் வழுக்கும்னு என் காலுக்குத் தெரியும். மூஞ்சியப் பாக்காம கேட்டா பாதிதான் காதுல விழும்" என்பார், மூடியைக் கவ்விய பல்லோடு.

ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீளும் நடைவழிதான் அவருடைய அலுவலகம். மேஜை கிடையாது, நாற்காலி உண்டு, அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டாக்டர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த குடும்பங்கள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். நடுவில் அக்கா. பணிக்குப் பெயர் மொழி உதவியாளர். தமிழ் தெரியாத நர்ஸுகள் வைத்த பெயர்தான் தமிழக்கா. அது பட்டப்பெயர் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அக்காவே திரும்பிப் பார்ப்பார்.

டாக்டர் சொன்னதை 'அவர் சொல்றார்' என்று அக்கா சொல்லமாட்டார். டாக்டராகவே மாறிவிடுவார். "நான் இன்னிக்கு மருந்த மாத்தியிருக்கேன். நாளைக்குக் காலைல திரும்ப வந்து பாப்பேன்." முதல்முறை கேட்கிறவர்கள் மிரண்டு போவார்கள். "நீங்களாம்மா மருந்து மாத்தினீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார். "நான் எங்கய்யா மாத்தினேன், அவர் மாத்தினார். என் வாய் மட்டும் இன்னிக்கு அவருக்கு வாடகைக்கு" என்றார் அக்கா. குடும்பம் பேசும்போது அதே வாய் குடும்பத்துக்குப் போய்விடும். அழுகிறவர்களுடைய கேள்வியை அழாமல் கேட்பார். திட்டுகிறவர்களுடைய வசவைக்கூட முகம் மாறாமல் டாக்டரிடம் சேர்த்துவிடுவார். ஒரு வசவுக்கு மட்டும் ஆங்கிலம் கிடைக்காமல் கையை விரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நடைவழியின் கோடியில் இருக்கும் கணினி என்னுடையது. எந்தக் கட்டிலில் யார் என்று பதிவு செய்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் ஆங்கில இலக்கியத்தில். அதை யாரும் கேட்காவிட்டாலும் நானே பேச்சில் எங்காவது நுழைத்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, இங்கிலீஷ்ல பட்டம் வாங்கியிருக்கீங்களாமே. ஸ்டேபிள்னா என்ன?"

இதென்ன பெரிய கேள்வி. "நிலையான, உறுதியான, திடமான" என்று மூச்சு விடாமல் மூன்று சொல் கொடுத்தேன். அகராதியே வந்து கைதட்டியிருக்கும்.

அக்கா மூன்றையும் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். "நல்லா இருக்கு தம்பி. எந்த டாக்டர் சொன்னா?"

அந்தக் கேள்வி எனக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று.

அக்கா ஆங்கிலம் கற்றது தரையோடு தரையாக. பள்ளிப் படிப்போடு நின்றவர். இந்த நடைவழிக்கு அந்தப் பக்கம், கட்டில்களுக்கு அடியில், ஈரத் துடைப்பத்தோடு பதினாறு வருஷம். தலைக்கு மேலே டாக்டர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆங்கில எழுத்து தெரியாது, இலக்கணம் தெரியாது. ஒரு சொல்லைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கிறது என்பதுதான் அவருக்கு அந்தச் சொல்லின் பொருள். "டிஸ்சார்ஜ்னு சொன்னா பெட்ஷீட் என் கைக்கு வரும். ஷிஃப்ட்னா ஸ்ட்ரெச்சர் வரும். ஸாரின்னு சொன்னா கட்டிலச் சுத்தி ஸ்கிரீன இழுப்பாங்க. எல்லாம் புடிபட்டுச்சு. இந்த ஸ்டேபிள் இருக்கே, இது மட்டும் கண்ணாமூச்சி ஆடும். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு வரும், ஒரு நாள் ஸ்கிரீன் வரும்."

அதற்குத்தான் அந்த நோட்டு. அட்டை பிய்ந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் முதுகு ஒட்டப்பட்டது. உள்ளே மூன்று பத்திகள். நாள். யார் சொன்னது. அப்புறம் என்ன. ஒரே ஒரு சொல்லுக்காக மட்டும் வைத்திருக்கும் நோட்டு. டாக்டர்களுக்குப் பெயர் கிடையாது. பேனாவை டிக் டிக் என்று அழுத்துகிறவர் பேனா டாக்டர். ரப்பர் செருப்போடு வருகிறவர் செருப்பு டாக்டர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர் பெரியவர்.

பெரியவர் ஸ்டேபிள் என்றால், "கைய விட்டுப் போகல, இனிமே மூச்சு விடலாம்" என்று பொருள். பதினெட்டுக்குப் பதினேழு தடவை அப்படித்தான். பேனா டாக்டர் சொன்னால், "எனக்கே தெரியல, நாளைக்குச் சொல்றேன்". பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் சொன்னால், "பெரியவர் வந்து பாக்குற வரைக்கும் என்ன ஒண்ணும் கேக்காதீங்க". சில நேரம் அதே சொல்லுக்கு, "செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு" என்றும் பொருள் உண்டு. அதைச் சொல்லும்போது டாக்டர்கள் குடும்பத்தின் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார்கள் என்று ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. செருப்பு டாக்டர்தான் சிக்கல். அவருக்கு எல்லாமே ஸ்டேபிள். "மழை எப்படிப் பெய்யுதுன்னு கேட்டாலும் ஸ்டேபிள்னுதான் சொல்வாரு."

இந்தச் சொல் அக்கா வீடு வரை போயிருக்கிறது. அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பாட்டை வாயில் வைத்ததும், "உப்பு ஸ்டேபிள்" என்பாராம். "எந்த டாக்டர் மாதிரி சொல்றீங்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டால்தான் கூடுதலா குறைவா என்று தெரியுமாம்.

சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறவர், நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் புரட்டமாட்டார். நானாகக் கேட்டு, ஒரு மதியம் சொன்னார். துடைப்பத்தை வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்த புதிது. ஒரு கடைக்காரர், வயதானவர். மகன் மூன்று நாளாக இதே நடைவழியில், அதே சட்டையோடு. டாக்டர் ஸ்டேபிள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா, "நல்லா இருக்காரு, பயமில்ல" என்று சொன்னார். மகன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போனான். அவன் திரும்புவதற்குள் ஸ்கிரீனை இழுத்துவிட்டார்கள்.

"அந்தப் பையன் என்ன அடிச்சிருந்தாக்கூட பரவால்ல தம்பி. தலையக்கூடத் துவட்டாம வந்து நின்னான். 'நல்லா இருக்காருன்னு சொன்னீங்களேக்கா'ன்னான். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து 'பயமில்ல' என்ற சொல்லும் 'கவலைப்படாதீங்க' என்ற சொல்லும் அக்கா வாயில் இல்லை. டாக்டர் சொன்னால் ஒழிய, அவராக இரண்டையும் சொல்லவே மாட்டார். அன்றிலிருந்துதான் அந்த மூன்று கேள்விகளும். டாக்டர் ஸ்டேபிள் என்றதும் பின்னோக்கி நடந்தபடியே கேட்பார். நேற்றைப் போலவா, நேற்றைவிட மேலா? மருந்து கூடியதா, குறைந்ததா? குடும்பம் இருக்கட்டுமா, போகலாமா? அக்காவின் ஆங்கிலத்தில் அது, "எஸ்டர்டே சேம்? எஸ்டர்டே பெட்டர்? மெடிசின் அப்? மெடிசின் டவுன்? ஃபேமிலி ஸ்டே? ஃபேமிலி கோ?" ஒரு வினைச்சொல்லும் ஒழுங்காக நிற்காது. ஆனால் பதில் வரும். நான் முழு வாக்கியமாகக் கேட்டபோதெல்லாம் டாக்டர்கள் முழு வாக்கியமாக நழுவியிருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி டாக்டர்களுக்குப் பிடிக்காது. ஒரு குடும்பத்துக்குப் பரிந்து அக்கா ஏதோ யோசனை சொன்னார் என்று ஒருமுறை புகார் போய், அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மொழி உதவியாளர் டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவேண்டும், கூட்டவோ குறைக்கவோ அறிவுரை சொல்லவோ கூடாது, மீண்டும் நடந்தால் வேலை இருக்காது. அக்கா அதை மடித்து நோட்டின் பின்னட்டைக்குள் வைத்திருக்கிறார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான் ஒரு வார்த்த கூட்டினதுக்கு என்ன ஆச்சுன்னு அவங்களவிட எனக்குத் தெரியும்."

நடைவழியைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். நாற்காலி வரிசைக்குப் பின்னால் சுவரில், ஒரு நோயாளிக்கு ஒன்று என்ற கணக்கில் பிளக்குகள் இருக்கின்றன. யாருடைய சார்ஜர் அதில் செருகியிருக்கிறதோ, அவர்தான் அந்த நோயாளிக்குக் காவல். யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்தது. நர்ஸ் வெளியே வந்தால் முகங்களைப் பார்ப்பதில்லை. பிளக்கிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ஒருவர் சார்ஜரை இன்னொருவர் பிடுங்கிவிட்டால் அது கைகலப்புக்குச் சமம்.

சென்ற புதன்கிழமை, அந்த வரிசையில் ஒன்பது நாளாக ஒரே சார்ஜரைச் செருகிவைத்திருந்தவர் ஒரு தையல்காரம்மா. கணவர் பெயின்டர். ஒரு மாடி உயரத்தில் ஏணி சறுக்கி, தலையில் அடி. அறுவை சிகிச்சை செய்து இரத்தக் கட்டியை எடுத்திருந்தார்கள். ஐந்தாம் நாளிலிருந்து தானாக மூச்சு விடுகிறார். கண்ணைத் திறக்கிறார். பேச்சு இல்லை. இந்த அம்மாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. ஒன்பது நாளில் நர்ஸுகளின் சீருடைகளில் பிரிந்த ஓரங்களையும் என் சட்டைப் பொத்தான் ஒன்றையும் தைத்துக் கொடுத்துவிட்டார்.

அன்று அவர் கையில் ஊசி இல்லை. மகள் வேறு நகரத்தில், தலைப்பிரசவம். வியாழன் காலை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. மகளிடம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். மாலை ஆறரைக்கு ரயில். போனால் சனிக்கிழமை காலையில்தான் திரும்பமுடியும். அப்போது மணி நான்கு.

பக்கத்தில் நாத்தனார், பெயின்டரின் அக்கா. தினமும் மதியம் ஃபிளாஸ்க்கோடு வருவார், மாலை ஆனதும் புறப்பட்டுவிடுவார். காரணமும் தினமும் ஒன்றுதான். "என் போன் செத்துப் போச்சு. சார்ஜர் பையில இருந்து என்ன, இங்க பிளக்குல எனக்கு எங்க எடம்? வீட்டுக்குப் போய்த்தான் சார்ஜ் போடணும்."

"தனியா பயமா இருக்கும்மான்னு அழுறா அண்ணி" என்றார் தையல்காரம்மா.

"உலகத்துல யாரும் புள்ள பெக்கலையா? புருஷன் இங்க இப்படிக் கெடக்கையில நீ ரயிலேறிப் போனா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேரு யாரு அண்ணி? ஒம்பது நாளா உங்களத் தவிர ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கலையே."

நாத்தனார் ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா? திடீர்னு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, இவங்க பேசுற இங்கிலீஷுக்கு நான் ஒத்த ஆளா என்ன செய்வேன்?"

கண்ணாடிக் கதவு திறந்தது. ரப்பர் செருப்புச் சத்தம்.

அக்கா மூடியைப் பல்லில் கவ்வினார். செருப்பு டாக்டர் தையல்காரம்மாவைப் பார்த்து, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, நிற்காமல் லிஃப்ட் பக்கம் நடந்தார். அக்கா அவருக்கு முன்னால் பின்னோக்கி. தையல்காரம்மாவும் நாத்தனாரும் பின்னால். பார்க்க ஒரு சின்ன ஊர்வலம்.

"எஸ்டர்டே சேம்? எஸ்டர்டே பெட்டர்?"

ஸ்டேபிள் என்றுதானே சொன்னேன் என்றார் டாக்டர்.

"ஸ்டேபிள்னுதானே சொன்னேன்" என்று அக்கா அதையும் தமிழில் சேர்த்தார், அதே சலிப்போடு.

"மெடிசின் அப்? மெடிசின் டவுன்?"

அதே மருந்துதான்.

"அதே மருந்துதான்."

"ஃபேமிலி ஸ்டே? ஃபேமிலி கோ?" மகளின் பிரசவம், ரயில், சனிக்கிழமை எல்லாவற்றையும் எட்டுச் சொல்லில் அடைத்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அது குடும்பத்தின் முடிவு என்றார்.

"அத நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார் அக்கா. தையல்காரம்மா தரையைப் பார்த்தார்.

லிஃப்ட் இருக்கும் இடம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்த டாக்டர் கையை நீட்டினார். பின்னோக்கி நடந்துவந்த அக்காவின் முதுகு அந்தப் பொத்தான்மேல் இருந்தது. நகரவில்லை. மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"சார். பெட் டூ. டுடே மார்னிங், பெட் நைன். வொய்?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கட்டில் மாற்றத்தைக் காலையில் பதிவு செய்ததே நான்தான். இரண்டுக்குப் பதில் ஒன்பது என்று தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இரண்டாம் கட்டில் நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒன்பதாவது ஜன்னலோரம். எந்தக் கட்டிலுக்கு நர்ஸுகள் ஓடுவார்கள், எதற்கு நடந்து போவார்கள் என்பது பதினாறு வருஷம் கட்டிலுக்கு அடியில் குனிந்து அவர்கள் கால்களைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

டாக்டர் அக்காவை முதன்முதலாக நின்று பார்த்தார். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பேசினார். அக்கா வாக்கியம் வாக்கியமாக அவராக மாறினார்.

"ரெண்டாம் கட்டில் இவரவிட மோசமா இருக்குற ஒருத்தருக்கு வேணும். இவர நிமிஷத்துக்கு நிமிஷம் கண்ணு முன்னாடி வெச்சிருக்க வேண்டிய அவசியம் இப்ப இல்ல. நேத்து வரைக்கும் மணிக்கு ஒரு தடவ பாத்தோம். இன்னிலேர்ந்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவதான் பாக்கறோம். காலைல கூப்பிட்டப்ப தலையத் திருப்பினார். விரல அழுத்துங்கன்னேன், அழுத்தினார்."

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பேச்சு வர வாரக்கணக்காகும். எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. ரெண்டு மூணு நாள்ல பெருசா எதுவும் மாறும்னு நான் எதிர்பாக்கல. ஆனா தல அடி. உறுதி எதுவும் என்னால குடுக்க முடியாது."

கடைசி வாக்கியத்தை அக்கா விழுங்கிவிடுவாரோ என்று பார்த்தேன். விழுங்கவில்லை. மற்றவற்றைச் சொன்ன அதே குரலில், அதே எடையில் சொன்னார். டாக்டர் படிக்கட்டில் இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் இரண்டு மாடி வரை கேட்டது.

தையல்காரம்மா அக்காவின் முன்கையைப் பிடித்தார். "டாக்டர் சொன்னது கேட்டுச்சுக்கா. நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரா இருந்தா நீங்க போவீங்களா?"

அக்கா நோட்டை விரித்தார். நோட்டின் பின்னட்டைக்குள் அந்தக் கடிதம் இருக்கிறது. முதல் பக்கத்தில், தலை துவட்டாமல் வந்து நின்ற அந்த மகன் இருக்கிறான். அவர் பேனாவை எடுத்து நாள் எழுதினார். செருப்பு டாக்டர் என்று எழுதினார். 'அப்புறம் என்ன' என்ற பத்தியை வெறுமையாக விட்டுவிட்டு நோட்டை மூடினார்.

"மணி நாலேகால்" என்றார்.

மூவரும் நாற்காலி வரிசைக்கு வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. நாத்தனார் கண்ணாடி வழியாக ஜன்னலோரக் கட்டிலைத் தேடினார். "தலையத் திருப்பினானாமே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு அக்காவிடம், "ராத்திரி ஏதாவதுன்னா என்ன கேக்கணும்மா அவங்கள?" என்றார்.

"எத்தன மணிக்கு ஒரு தடவ பாக்கறீங்கன்னு கேளுங்க, 'ஹவ் மெனி ஹவர்'னா போதும். விரலக் காட்டுவாங்க, எண்ணிக்கோங்க. நாலு காட்டினா உக்காருங்க. ஒண்ணு காட்டினா கோடியில கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரி போன்ல என்னக் கூப்பிடுங்க. என் நம்பர் அதுமேலயே ஒட்டியிருக்கு."

சொல்லிவிட்டு அக்கா சுவரோரம் குனிந்தார். சுவிட்சை அணைத்தார். ஒன்பது நாளாக ஆடாமல் அசையாமல் இருந்த தையல்காரம்மாவின் சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவி, ஒயரை நான்கு விரலில் சுற்றி, நுனியைச் செருகி, கீழே இருந்த பையைத் திறந்து அளவு நாடாவுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு, எழுந்திருக்காமலேயே, காலியான பிளக்கைக் கண்ணால் காட்டி, நாத்தனார் பக்கம் கையை நீட்டினார்.